நிறுத்தினால் நிற்க வேண்டும்

நான் எழுதிய நிரலை நம்பி ஓடிய ஓர் இயந்திரம், நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை என்று ஓசூரிலிருந்து செய்தி வந்தபோது, ஓசூர் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. வரைபடத்தில் தேடினேன். தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில் கர்நாடகத்தின் தோளில் சாய்ந்தபடி இருந்தது.

எனக்கு ஊர் மலேசியாவில் தைப்பிங். வேலை பினாங்கில், ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில். விடுமுறை நாட்களில் இன்னொரு வேலை உண்டு, சம்பளம் இல்லாதது. இயந்திரங்களை இயக்கும் பழைய மென்பொருள் ஒன்றைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வருடக்கணக்காக சி மொழியில் எழுதி வந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சி கறாரான மொழி. ரூபி அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்த புது மொழி, எழுத எளிது. ரூபி தெரிந்தவர்களும் அந்த மென்பொருளைப் பயன்படுத்தட்டும் என்று இரண்டுக்கும் நடுவே ஓர் இணைப்பை எழுதிச் சேர்த்தேன். இரண்டு ஊர்க்காரர்களுக்கு நடுவே நிற்கும் துபாஷியின் வேலைதான் அது. படம் வரையும் சின்னப் பேனா இயந்திரங்களை ஓட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் பட்டறை வைத்திருக்கும் முனிராஜ் என்பவர் அதை எடுத்து, பர்கூரில் கருங்கல் அறுக்கும் கட்டர் ஒன்றில் பொருத்தியிருந்தார். ஒரே ஒரு முறை கட்டர் நிற்கவில்லை, மெயினை அணைத்துத்தான் நிறுத்தினோம் என்று எங்கள் மடல் குழுவுக்கு எழுதியிருந்தார். எங்கள் யாருடைய கணினியிலும் அப்படி நடக்கவில்லை. குழு வேறு பேச்சுக்குப் போய்விட்டது. என்னால் போக முடியவில்லை. சாப்பிடும்போதும் காடி ஓட்டும்போதும் நான் பார்த்தேயிராத ஒரு பிளேடு தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மடலுக்காக யாராவது நாடு விட்டு நாடு போவார்களா என்று அம்மா கேட்டார். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பெங்களூரில் நான் பஸ் ஏறிய அன்று தண்ணீர்ப் பிரச்சினைக்காகக் கடையடைப்பு என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது. பஸ் அத்திப்பள்ளிக்கு முன்னால் நின்றுவிட்டது. எதிரே ரோட்டின் நடுவில் டயர் எரிந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டு எண் போட்ட லாரி ஒன்று முன்கண்ணாடி இல்லாமல் ஓரமாகச் சாய்ந்திருந்தது. டிரைவரைக் காணோம்.

நான் பக்கத்து இருக்கை அம்மாவிடம் என்ன நடக்கிறது என்று தமிழில் கேட்டேன். அவர் தளிப் பக்கம் பூ விவசாயம் செய்கிறவர், மார்க்கெட்டில் ரோஜா போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். காதருகே வந்து, பார்டர் தாண்டும் வரை வாயைத் திறக்காதே என்றார்.

வெளியே இரண்டு இளைஞர்கள் டிரைவரிடம் கன்னடத்தில் பேசினார்கள். அந்த அம்மா கிசுகிசுவென்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாரையும் இறக்கிவிடு, நடந்து போகட்டும், யாரையும் ஒன்றும் செய்ய மாட்டோம் என்கிறார்களாம். ஒன்றும் செய்ய மாட்டோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் வாசல் எங்கே என்று பார்ப்பேன்.

இறங்கி நடந்தோம். என் பெட்டியின் சக்கரம் தார் ரோட்டில் கடகடவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம்கூடத் தமிழில் கேட்பது போல் இருக்கவே பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். பூக்கார அம்மா முன்னால் போனார். எதிரில் வந்தவர்களிடம் அவர் கன்னடத்தில் ஏதோ சொல்ல, அவர்கள் சிரித்துக்கொண்டு வழிவிட்டார்கள். என்ன சொன்னீர்கள் என்று எல்லை தாண்டியதும் கேட்டேன். என்னைத் தன் மருமகள் என்றும், பிறவியிலேயே ஊமை என்றும் சொன்னாராம்.

ஓசூர்ப் பக்கம் முனிராஜ் வண்டியோடு காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். தலையில் மங்கி கேப். ஒரு கையில் பிடித்த போனில் தெலுங்கு, திரும்பி ஆட்டோக்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ்.

"வாங்க மேடம். பயந்துட்டீங்களா? இது ரெண்டு நாள்ல சரியாப் பூடும். நாங்க பாத்துக்கினுதான இருக்கறோம்" என்றார்.

அவர் வீட்டிலேயே தங்கினேன். மனைவி ரத்னா ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவர். காலையில் நான் அவரிடம், "அக்கா, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் சொல்வோம். ரத்னா அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, எவ்வளவு நன்றாக இருக்கிறது, நாங்கள் டிபன் என்கிறோமே என்று சிரித்தார். அன்று ராகிக் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும். பச்சை அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்வது, மார்கழியில் வீட்டுக்கு வீடு அதுதான். களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். நான் மென்றேன். பயத்தில் இருப்பவளால் எதையும் விழுங்க முடியாது.

பர்கூருக்குக் கிருஷ்ணகிரியைத் தாண்டிப் போக வேண்டும். மலேசியாவில் எங்கள் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மாடு வராது, எதிர்த்திசையில் டிராக்டர் வராது. இங்கே இரண்டும் வந்தன. கல் ஏற்றிய லாரிகளைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு லாரிக்கு ஒரே கல், வீட்டு அறை அளவு. இரண்டு சங்கிலியை மட்டும் நம்பி உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு முன்னால் ஆடி ஆடிப் போனது. கொஞ்சம் இடைவெளி விடுங்கள் என்று முனிராஜிடம் சொன்னேன். இடைவெளி விட்டால் இன்னொரு லாரி அதில் புகுந்துவிடும் என்றார். சொல்லி முடிப்பதற்குள் புகுந்தது.

கிரானைட் ஆலை ரோட்டிலிருந்து உள்ளே இருந்தது. தகரக் கூரை, தரையெல்லாம் சாம்பல் நிறச் சேறு. நடுவில் கட்டர். ஆள் உயரத்துக்கு மேல் இருந்த பிளேடு, தண்ணீர் பீய்ச்சப் பீய்ச்சச் சுற்றியது. அதன் அடியில் தண்டவாளத்தில் டிராலி, டிராலியின் மேல் கல். நான் தைப்பிங்கில் மழை பார்த்துக்கொண்டே எழுதிய வரிகள் இந்த டிராலியை நகர்த்துகின்றன என்று புரிந்தபோது தூணைப் பிடித்துக்கொண்டேன்.

கட்டரை ஓட்டுகிறவர் இசக்கிமுத்து. திருநெல்வேலிக்காரர், முப்பதுக்குள் வயது. அவர் வேலையில் ஒரு பகுதி எனக்குப் பிடிக்கவே இல்லை. அறுபட்ட துண்டு சில சமயம் டிராலிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே விழுந்து சிக்கிக்கொள்ளும். அவர் கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, கடப்பாரையோடு உள்ளே குனிந்து அதை நெம்பி எடுப்பார். அந்தப் பொத்தான் நேராக மோட்டாரை அணைக்கவில்லை. அது கணினிக்குச் சொல்லும். சி நிரல் ரூபியிடம் சொல்லும். ரூபி நிறுத்து என்று திரும்பச் சொல்லும். அப்புறம்தான் நிற்கும். அதாவது ஒவ்வொரு முறையும் அவர் என் துபாஷியை நம்பிக் குனிந்தார்.

நான் நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து பார்த்தேன். அவர் அழுத்துவார், எனக்கு மூச்சு நிற்கும், டிராலி நிற்கும், பிளேடு ஓயும் முன்பே அவர் குனிவார். மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும். ஒரு முறைகூடத் தவறவில்லை. பொத்தானை வேகமாக அழுத்தச் சொன்னேன், விட்டு விட்டு அழுத்தச் சொன்னேன். நின்றுகொண்டே இருந்தது. நான் தேடி வந்த பிழை ஒளிந்துகொண்டு என்னைப் பார்க்கிறது என்று தோன்றியது. ஒரு முறை நடந்ததுதானே, வயர் ஏதாவது லூசாக இருந்திருக்கும் என்று ஆலைக்காரர் சொன்னார். தினமும் கரண்ட் போகும், எல்லாரும் டீ குடிப்பார்கள், கரண்ட் வந்ததும் கணினியைத் திரும்ப எழுப்பி வேலையைத் தொடங்குவார்கள். எனக்கோ அந்த நேரம்தான் நிம்மதி. பிளேடு சுற்றாது.

நான்காம் நாள் ரத்னா எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுத்திருந்தார். சாப்பிட்டு முடித்துக் கையையும் தூக்கையும் கழுவிக்கொண்டு வந்தேன். முனிராஜ் வாசலருகே மெயின் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கி சிவப்புப் பொத்தானை அழுத்தினார். கணினித் திரையில் ஓடுகிறது என்று காட்டும் பச்சை போய், நின்றுவிட்டது என்று காட்டும் சாம்பல் நிறம் வந்தது. அவர் வழக்கம் போலத் திரையைப் பார்த்துவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்தார். தண்ணீர்ச் சத்தமும் பிளேடுச் சத்தமும் அப்படியே இருந்தன. பிளேடு நிற்கக் கொஞ்ச நேரம் ஆகும் என்பதால் அவருக்கு அது புதிதில்லை. நான் டிராலியைப் பார்த்தேன். அது நகர்ந்துகொண்டிருந்தது.

கத்த வேண்டும் என்று தெரிந்தது. குரல் வரவில்லை. ஊமை என்று பூக்கார அம்மா சொன்னதற்காக நிஜமாகவே ஊமையானது போல நின்றேன். பிறகு கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கை இசக்கியின் பக்கம் வீசினேன். அது தண்டவாளத்தில் மோதி உருண்டது. அவர் தலையைத் தூக்கினார், டிராலியைப் பார்த்துவிட்டார், பின்னால் சாய்ந்தார். ஒரு கால் வந்துவிட்டது. இன்னொரு கால் வரவில்லை.

முனிராஜ் மெயினை இழுத்தார்.

அந்த ஆலை முழுவதும் அமைதியான பிறகுதான் இசக்கியின் சத்தம் கேட்டது. டிராலிச் சக்கரம் அவருடைய கம்பூட்ஸின் நுனியில் ஏறி நின்றிருந்தது. நான்கு பேர் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். ஆலையின் டெம்போவில் கல் தூசி மேல் சாக்கு விரித்து அவரைப் படுக்கவைத்துக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனோம். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஹாரன். பூட்ஸைக் கழற்றக் கூடாது என்று யாரோ சொன்னதால் உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. என் கை அவர் தோளில் இருந்தது. அது ஆடுவது வண்டியின் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க ஏங்க்கா இப்படி நடுங்குதீங்க?" என்றார் இசக்கி. "எனக்கு வலி மட்டுந்தான். உயிருக்கு ஒண்ணுமில்ல."

இரண்டு விரல்கள் நொறுங்கியிருந்தன, பாதம் தப்பித்தது என்றார் டாக்டர். மாவுக்கட்டு போட்டு முடியும் வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் முனிராஜும் உட்கார்ந்திருந்தோம். யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஏலக்காய் போட்டிருந்தார்கள். இந்தக் கூட்டத்தில், இந்த நேரத்தில், டீயில் ஏலக்காய் இருப்பதை மனம் எப்படித்தான் கவனிக்கிறதோ.

போன முறை நிற்காதது எப்போது என்று கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்றார் முனிராஜ். அவசர ஆர்டர் என்று ஓட்டினார்களாம். இன்று வெள்ளி. அந்த ஞாயிற்றுக்கும் இந்த வெள்ளிக்கும் என்ன ஒற்றுமை என்று யோசித்தேன். வேறு கல், வேறு அளவு. அப்போதுதான் இன்றைக்கு நாம் டீ குடிக்க வெளியே போகவே இல்லையே என்று தோன்றியது. ஏன் கரண்ட் போகவில்லை என்று கேட்டேன்.

"காலேஜுக்கு மந்திரி வந்துக்கிறாரு இல்ல, அதான் மேடம். அவரு போற வரைக்கும் புடுங்க மாட்டாங்க" என்றவர், சற்று நிறுத்தி, "ஞாயித்துக்கெழமையும் புடுங்க மாட்டாங்க" என்றார்.

அப்படியென்றால் இரண்டு நாளும் கணினி இடையில் அணையவே இல்லை என்றேன்.

ரூபியிடம் ஒரு பழக்கம் உண்டு. தன் வீட்டை அவ்வப்போது தானே கூட்டிக்கொள்ளும். யார் கையிலும் இல்லாத பொருளைக் குப்பை என்று எடுத்து எறிந்துவிடும். சி மொழிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நிறுத்தச் சொல்லும் அந்தச் சின்னப் பகுதியை ரூபியிடமிருந்து வாங்கி சி தன் கையில் வைத்திருந்தது. ஆனால் சி எதைக் கையில் வைத்திருக்கிறது என்பது ரூபியின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஒரு நாள் கூட்டும்போது அதையும் குப்பையோடு சேர்த்து எறிந்திருக்கிறது. இவ்வளவு சின்ன நிரலில் குப்பை சேரப் பல மணி நேரம் பிடிக்கும். பர்கூரில் அதற்குள் கரண்ட் போய்விடும், எல்லாம் புதிதாகத் தொடங்கும். எங்கள் ஊரில் கரண்ட் போகாது, ஆனால் நானோ குழுவில் மற்றவர்களோ அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்ததில்லை. மின்வெட்டுத்தான் இத்தனை நாள் இசக்கியைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

ஆலைக்காரர் மறுநாளே வேறு ஆளைப் போட்டு ஓட்டப் பார்த்தார். முனிராஜ் நேராக ஆலைக்குப் போனார். மெயின் பெட்டியின் பியூஸ்களைக் கழற்றித் தன் ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மூக்கண்டப்பள்ளிக்கு வந்துவிட்டார்.

அவர் பட்டறையில் அதே நிரலை மேஜை மேல் இருந்த ஒரு சின்ன மோட்டாரில் ஓட்டினோம். பொத்தானை அழுத்தினேன், நின்றது. வீட்டை இப்போதே கூட்டு என்று ரூபிக்கு ஒரு கட்டளை கொடுத்தேன். மறுபடி ஓடவிட்டு அழுத்தினேன். திரை சாம்பலானது. மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது. கையளவு மோட்டார்தான், விரலால்கூடப் பிடித்து நிறுத்தலாம். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். எத்தனை முறை செய்தாலும் அப்படியே நடந்தது. இத்தனை நாள் ஒளிந்திருந்தது, கூப்பிட்டதும் ஓடி வந்தது.

திருத்தம் ஒரே வரி. சி வைத்திருப்பதை ரூபியும் ஒரு கையால் பிடித்திருக்கட்டும் என்பதுதான். அதோடு விட எனக்கு மனம் வரவில்லை. சிவப்புப் பொத்தான் கணினியைக் கேட்காமல் நேராக மோட்டாரின் மின்சாரத்தை வெட்ட வேண்டும் என்றேன். உங்கள் நிரல் மேலேயே உங்களுக்கு நம்பிக்கை இல்லையா என்று முனிராஜ் கேட்கவில்லை. அன்றே பர்கூருக்குப் போய் வயரை மாற்றினார். மறுநாள் ஜெனரேட்டர் வைத்து, கல் ஏற்றாமல், பக்கத்தில் ஆள் யாரும் இல்லாமல், காலையிலிருந்து பொழுது சாயும் வரை கட்டரை ஓட்டினோம். புது வயரைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு, மென்பொருள் வழியாக நானே அழுத்தினேன். அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன். நின்றது. கண்ணைத் திறந்து டிராலியைப் பார்த்தேன். நின்றுதான் இருந்தது.

ஊர் திரும்பும் நாள் ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, திருத்தத்தைக் குழுவுக்கு அனுப்பினேன். இந்த இணைப்பை நிஜ இயந்திரத்தில் ஓட்டுகிறவர் யாராவது இருந்தால் உடனே நிறுத்துங்கள், எனக்கு எழுதுங்கள் என்று மேலே போட்டேன். முனிராஜைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு சும்மா ஒரு முறை பக்கத்தைப் புதுப்பித்தேன்.

ஒரு பதில் வந்திருந்தது. தென் அமெரிக்காவில், பெயரை எப்படி உச்சரிப்பது என்றுகூட எனக்குத் தெரியாத ஓர் ஊரில், மரம் அறுக்கும் மில். உடைந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். ரம்பத்தை நிறுத்திவிட்டோம், பத்துப் பேர் வெளியே உட்கார்ந்திருக்கிறோம், மறுபடி ஓட்டலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஓட்டலாம் என்று தட்டச்சு செய்தேன். அனுப்பு என்ற பொத்தான் மேல் விரல் போனது, அழுத்த வரவில்லை. ஒரு நாள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரே நாள். அந்தப் பத்துப் பேரில் குனிகிறவர் யார், அவருக்கு என்ன வயது என்று யோசித்தேன். எழுதியதை அழித்துவிட்டு, கொஞ்ச நாள் பொறுங்கள் என்று மட்டும் அனுப்பினேன்.

வெளியே பெங்களூர் பஸ் தயாராக நின்றது. கடையடைப்பு முடிந்துவிட்டது, கண்ணாடிகள் பத்திரமாக இருந்தன. வழியனுப்ப வந்திருந்த முனிராஜ் என் பெட்டிக்காகக் கையை நீட்டினார். இன்னும் கொஞ்ச நாள் ஜெனரேட்டர் கிடைக்குமா என்று கேட்டேன்.

அவர் பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஜெனரேட்டர் கெடைக்கும். ஆலையத் தெறந்து வுடச் சொல்லி ஆலைக்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். "ரத்னாவுக்குப் போன் பண்ணிடறேன், உங்களுக்கும் சேத்து ஒலை வெக்கட்டும்."

அந்த வாரம் முழுக்கக் கட்டரை ஓட்டினோம். கரண்ட் போக விடாமல், அணைக்காமல், பகல் முடியும் ஒவ்வொரு முறையும் அழுத்தினேன். கடைசி நாள் இசக்கி மாவுக்கட்டுக் காலோடு ஆட்டோவில் வந்து இறங்கி, தூரத்தில் ஒரு கல் மேல் உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் நின்றது. எனக்கு ஒவ்வொரு முறையும் மூச்சு நின்றது. அதற்குத் திருத்தம் எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு ஓசூருக்கு வந்து மரமில்காரர்களுக்கு எழுதினேன். முதலில் நிறுத்தும் பொத்தானை நேராக மின்சாரத்தோடு இணையுங்கள். பிறகு புது நிரலைப் போடுங்கள். பிறகு ஓட்டலாம். ஓட்டும்போது ஒருவர் மெயின் பக்கத்தில் நிற்கட்டும், வேறு வேலை எதுவும் பார்க்காமல்.